ஏப்ரலில் எல் நினோ என்றதும் விதையை விற்றுவிடாதீர்கள்

சித்திரை பிறந்ததும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது: "எல் நினோ வருது, இந்த வருஷம் மழை கிடையாது." அதை நம்பி மானாவாரி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, கார்த்திகையில் ஊர் மிதக்கும்போது வானிலைக்காரர்களைத் திட்டுகிறார்கள். வானிலைக்காரர்கள் அப்படிச் சொல்லவே இல்லை ஐயா. எல் நினோ என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது, அவ்வளவுதான்.

எந்த மழை என்று முதலில் கேளுங்கள். எல் நினோவில் பெரும்பாலும் அடிவாங்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை. குடகில் மழை குறைந்தால் மேட்டூருக்கு வரத்து குறையும். குறுவைக்காரர்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேறு கணக்கு. எல் நினோ ஆண்டுகளில் அது கூடுதலாகப் பெய்யும் வாய்ப்பே அதிகம். 2015 வலுவான எல் நினோ ஆண்டு; டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. 2023உம் எல் நினோதான். டெல்டாவில் குறுவை தண்ணீரின்றிக் கருகியது; டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. பசிபிக் குளிர்ந்திருந்த, அதாவது லா நினா நிலை இருந்த 2016இல்தான் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. உடனே "லா நினா என்றால் வறட்சி" என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். 2021உம் லா நினாதான், அந்த நவம்பர் வெள்ளத்தைச் சென்னை மறந்திருக்காது.

தென்மேற்கிலும் எல் நினோ தனியாக முடிவெடுப்பதில்லை. 1997இல் பூதாகரமான எல் நினோ, நாட்டின் பருவமழையோ சராசரியில் 102 சதவீதம். அதைவிட மிதமான எல் நினோ வந்த 2002இல் 81 சதவீதம், கடும் வறட்சி. 1997இல் ஆப்பிரிக்கா பக்கம் இந்தியப் பெருங்கடல் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தது. இருமுனை நிலை என்று இதைச் சொல்கிறோம்; எல் நினோவின் அடியை இது தணிக்கக்கூடும். இதைப் பார்க்காமல் பசிபிக்கை மட்டும் பார்ப்பது அரைக்கணக்கு.

படித்தவர்கள் செய்யும் தவறு வேறு: "பசிபிக் பத்தாண்டு அலைவு (வட பசிபிக் பல ஆண்டுகள் சூடாகவும் குளிராகவும் மாறிமாறி இருப்பது) 30 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும், பூமி சூடாவது உட்பட எல்லாமே இயற்கைச் சுழற்சி." கடல் பஞ்சாங்கம் பார்த்து நடப்பதில்லை. தினமும் மாறும் காற்றின் தள்ளுமுள்ளைக் கடல் மெல்ல மெல்லச் சேர்த்து வைத்துக்கொள்வதாலேயே பல ஆண்டு ஏற்ற இறக்கம் உண்டாகலாம் என்று 1976இல் ஜெர்மன் காலநிலை அறிவியலாளர் கிளாவுஸ் ஹாசல்மான் காட்டினார் (2021இல் நோபல் பரிசு பெற்றவர்). குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போன வெப்பநிலை மாறுபாடு கோடை முழுக்க அடியில் ஒளிந்திருந்து அடுத்த குளிர்காலத்தில் மேலே வரும். கடலுக்கடியில் மெதுவாக நகரும் அலைகள் பசிபிக்கைக் கடக்கவே ஆண்டுகள் ஆகும். இத்தனையும் கலந்ததுதான் அந்த அலைவு. 1976-77இல் ஒரு பக்கம் புரண்டது, 1998 வாக்கில் மறுபக்கம்; அதன்பின் ஒழுங்கே இல்லை.

களத்து நெல்லை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வாரிப்போட்டால் மூட்டை கூடுமா? கடல் வெப்பத்தை வைத்து அலைவுகள் செய்வது அந்த வேலைதான். மேல்மட்டச் சூடு அடியிலிருந்து வந்தது என்றால் அடி குளிர வேண்டும். 2000 மீட்டர் ஆழம்வரை அளக்கும் ஆர்கோ என்ற தானியங்கிக் கடல் மிதவைகள் காட்டுவதோ, மொத்த வெப்பமும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி மட்டும் 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது.

மார்ச் முதல் மே வரை வரும் எல் நினோ கணிப்பை நம்பி எதையும் விற்காதீர்கள், வாங்காதீர்கள். வானிலைக் கணிப்புக்கு நாங்கள் பயன்படுத்தும் கணினி மாதிரிகள் அதிகம் தடுமாறும் மாதங்கள் அவை. 2014 வசந்தத்தில் பெரிய எல் நினோ என்று உலகமே எதிர்பார்த்தது, அந்த ஆண்டு அது எதிர்பார்த்த அளவுக்குத் தலையெடுக்கவில்லை. நினோ 3.4 என்று நாங்கள் அளக்கும் நடு பசிபிக் பகுதியில் கடல் மேற்பரப்புச் சூடு வழக்கத்தைவிட 0.5 டிகிரிக்கு மேல் போனால் போதாது, அது மாதக்கணக்கில் நிலைக்க வேண்டும். ஒரு வார அளவைத் தலைப்புச் செய்தியாக்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். குறுவைக்கு வானிலைத் துறை மே இறுதியில் தரும் தென்மேற்குப் பருவமழை அறிவிப்பையும் மேட்டூர் இருப்பையும் பாருங்கள். சம்பா, மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழை அறிவிப்பு செப்டம்பர் இறுதியை ஒட்டி வரும். அதற்கு முன்பே விதைக்கும் கரிசல்காட்டுக்காரர்கள் விதையில் ஒரு பங்கை மறுவிதைப்புக்கு ஒதுக்கி வையுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். எல் நினோவோ லா நினாவோ, கண்மாய் வரத்துக்காலை மட்டும் ஐப்பசிக்கு முன்னால் வெட்டிவிடுங்கள், தயவுசெய்து.