ஜீலாங்கை மீட்டது எந்த ஆண்டு டிராஃப்ட்: ஒரு பிசியோவின் கணக்கு

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் பிசியோதெரபி தொழில் செய்பவர்கள் ஒரு சண்டையிலிருந்து தப்பவே முடியாது. கழுத்துப் பிடிப்போடு வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியரும், தோளைக் காட்ட வருகிற பெயின்டரும், படுக்கையில் குப்புறப் படுத்த மறு நிமிடமே ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஊர்க் கால்பந்து கிளப்பைத் தூக்கி நிறுத்தியது 1999 டிராஃப்டா, 2001 டிராஃப்டா? பெரும்பான்மை 2001 பக்கம். நான் 1999 பக்கம். அதற்கான காரணங்கள் என் தொழிலிலிருந்து வந்தவை. பதினேழு வயதுப் பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சிறு விளக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. 1986 முதல் டிராஃப்ட் முறைதான். பட்டியலில் கடைசியில் முடித்த அணி, அந்த ஆண்டு வருகிற இளைஞர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். கோப்பை வென்ற அணிக்கு வரிசையில் கடைசி இடம். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பணக்கார அணி எல்லோரையும் வாரிக்கொண்டு போக முடியாது. தோற்ற அணி மீண்டு வர வேண்டுமானால், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத பையன்களில் யார் தேறுவான் என்று சரியாகக் கணித்தாக வேண்டும்.

1999 இறுதியில் ஜீலாங்கின் நிலைமை பரிதாபமானது. கிளப்பின் தலைமேல் பெரிய கடன். பயிற்சியாளர் அடிலெய்டுக்குப் போய்விட்டார். கடைசியாகக் கோப்பை வென்றது 1963-ல். அந்த டிராஃப்டில் ஆள்தேர்வுப் பொறுப்பாளர் ஸ்டீஃபன் வெல்ஸ் எடுத்தவர்களில் நான்கு பேர் நிலைத்தார்கள்: எல்லா அணிகளும் வரிசையாக எடுத்ததில் 8-வது தேர்வாக ஜோயல் கோரி, 31-வதாக பால் சாப்மன், 38-வதாக கேமரன் லிங், 47-வதாக கோரி என்ரைட். இரண்டு ஆண்டு கழித்து, 2001-ல், ஜிம்மி பார்ட்டல், ஜேம்ஸ் கெல்லி, ஸ்டீவ் ஜான்சன், கேரி ஏப்லெட் என்று இன்னும் நால்வர். 2007 இறுதிப்போட்டியில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கிய அணியில் இந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். இறுதிப்போட்டி வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை கிடையாது.

2001 கட்சிக்காரர்கள் பதக்கங்களை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். 2007-ன் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் பார்ட்டலுக்கு, 2009-ன் பதக்கம் ஏப்லெட்டுக்கு. இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் 2007-ல் ஜான்சனுக்கு, 2011-ல் பார்ட்டலுக்கு. 1999 பக்கம் அதற்கு ஈடாகக் காட்ட 2009-ல் சாப்மன் வாங்கிய ஒரே ஒரு நார்ம் ஸ்மித். நட்சத்திரங்களை எண்ணினால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் எண்ணுவது வேறு. ஒரு வீரர் எத்தனை ஆட்டங்களுக்கு உடம்போடு களத்தில் வந்து நின்றார் என்பதுதான் என் முதல் கேள்வி. ஜீலாங்குக்காக மட்டும் என்ரைட் ஆடியது 332, ஜோயல் கோரி 276, சாப்மன் 251, லிங் 246. கூட்டினால் 1105. 2001-ல் பார்ட்டல் 305, கெல்லி 273, ஜான்சன் 253, இடையில் கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போய்த் திரும்பிய ஏப்லெட் 247. மொத்தம் 1078. 2007, 2009, 2011 என்று மூன்று கோப்பைகளிலும் 1999-ன் நால்வரும் ஆடினார்கள். ஆளுக்கு மூன்று, ஆக பன்னிரண்டு. ஏப்லெட் 2010 முடிவிலேயே கிளம்பிவிட்டதால் 2001-க்குப் பதினொன்று.

இது மயிரிழை வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். தராசு என் பக்கம் சாய்வது, எந்த இடத்தில் யாரை எடுத்தார்கள் என்று பார்க்கும்போது. ஏப்லெட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜீலாங்கின் பெரிய நாயகன் கேரி ஏப்லெட்டின் மகன் அவர். அன்றைய தந்தை-மகன் விதிப்படி வேறெந்த அணியும் அவரைத் தொட்டிருக்க முடியாது. மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து ஜீலாங் அவரை எடுத்துக்கொண்டது. கிளப்புக்குப் பெரும் பாக்கியம், ஆனால் அதை ஆள்தேர்வின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 1999-ல் அப்படி எந்தச் சலுகையும் கைகொடுக்கவில்லை. நால்வரில் மூவர், முப்பது பேர் போன பிறகு மிச்சமிருந்த கூட்டத்திலிருந்து பொறுக்கப்பட்டவர்கள். தென் ஆஸ்திரேலியாவின் கிம்பா என்ற சிற்றூரிலிருந்து வந்த 47-வது பையன் 332 ஆட்டம் ஆடுவான் என்று அன்று இரவு யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எதிரணியான ஹாத்தார்னின் ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 2004-ல் அவர்கள் எடுத்த ரஃப்ஹெட்டும் லூயிஸும் ஆளுக்கு நான்கு கோப்பை, ஃபிராங்க்ளின் இரண்டு. மூன்று பேரில் பத்து. நியாயமான வாதம்தான். ஆனால் அந்த மூவரும் 2, 5, 7-வது தேர்வுகள். ஏழாவது ஆளுக்குள் மூன்று வாய்ப்பு கிடைத்த அணியை முப்பதுக்குப் பிறகு தேடிய அணியோடு ஒரே வரிசையில் நிறுத்த மாட்டேன்.

இதற்கு நேர்மாறான கதையைத்தான் பெற்றோர் முக்கியமாகக் கேட்க வேண்டும். 2009 டிராஃப்டில் மெல்போர்ன் அணிக்கு முதல் இரண்டு தேர்வுகளும் கிடைத்தன. டாம் ஸ்கல்லி, ஜாக் டிரென்கோவ். பத்திரிகைகள் அப்போதே பத்தாண்டு கனவை எழுதிவிட்டன. ஸ்கல்லி இரண்டே பருவத்தில் புதிய சிட்னி அணிக்குப் போனார். டிரென்கோவை இருபது வயதிலேயே இணைத் தலைவராக்கினார்கள். பிறகு அவருடைய பாதத்தில் நேவிகுலர் எலும்பில் அழுத்தக் கீறல் (திரும்பத் திரும்ப இறங்கும் சுமையால் எலும்பில் விழும் விரிசல்) வந்து, 2014, 2015 இரண்டு பருவங்களும் ஏறக்குறைய முழுதாகவே போயின. மொத்தத்தில் அவர் நூறு ஆட்டத்தை எட்டவில்லை.

நேவிகுலர் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாத வளைவின் உச்சியில் படகு வடிவில் இருக்கும் சின்ன எலும்பு. ஓடும்போதும் எம்பும்போதும் சுமை அதன் நடுப்பகுதியில்தான் இறங்கும். இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதும் அதே நடுப்பகுதியில்தான். அதனால் கீறல் விழுந்தால் ஆறுவதற்கு வெகுகாலம் பிடிக்கும். வலியோ தெளிவாக இருக்காது. பாதத்தின் மேல்பக்கம் ஒரு மந்தமான நோவு. ஓய்வெடுத்தால் போய்விடும், ஓடினால் திரும்பி வரும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "சுளுக்குதான்" என்று பையனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வான்.

டிராஃப்ட் ஆண்டில் இருக்கும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று: கீழ்முதுகு எலும்பில் அழுத்தக் கீறல். பள்ளி அணிக்கு ஒரு நாள், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மாநில லீக்கில் மறுநாள், நடுவில் தனிப் பயிற்சியாளரிடம் வேக ஓட்டம், எடை தூக்கல். இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தன் பங்கு மட்டும்தான் தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பையனை அவனுடைய அப்பா அழைத்து வந்தார். "தொடை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்" என்றான் பையன். ஒற்றைக் காலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாயச் சொன்னேன். இடது காலில் நன்றாகச் சாய்ந்தான். வலது காலில் பாதி சாயும்முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லாமலே காலை மாற்றிக்கொண்டான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, நன்றாகப் பழகியிருக்கிறான். அப்பா கேட்டார்: "இன்னும் மூன்று ஆட்டம்தான். தேர்வாளர்கள் பார்த்த பிறகு ஓய்வு கொடுத்தால் ஆகாதா?" எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினேன். கீறல் இருந்தது. ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் மூன்று மாதமோ சற்றுக் கூடவோ ஓட்டத்தையும் உதையையும் நிறுத்தினால் எலும்பு ஒட்டிவிடும். மூன்று ஆட்டம் தள்ளிப்போட்டால் அது ஒட்டாத எலும்பாகவே நின்றுபோகலாம். பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே முதுகு.

வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குப் பின்னால் சாயும்போது முதுகு வலித்து, அது இரண்டு மூன்று வாரம் நீடித்தால், அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாத வலிக்கும் அப்படியே. வாரத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை ஆட்டம் என்பதைப் பயிற்சியாளர்களிடம் விடாமல் வீட்டில் ஒருவர் எழுதி வையுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதினெட்டு வயது நிறைகிறவர்கள்தான் டிராஃப்டுக்கு வருகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே தட்டில். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது தோள் அகலத்திலேயே தெரியும். முன்னதாக வளர்ந்து முடித்தவனைத் திறமைசாலி என்றும், இன்னும் வளர்கிறவனை மெலிந்தவன் என்றும் குறித்துவிடுவது எளிது. ஜீலாங்கின் டாம் ஸ்டூவர்ட்டை டிராஃப்டில் எடுத்தது 2016-ல், 40-வது தேர்வாக, அவருக்கு 23 வயதானபோது. அதற்கு முன் இதே ஊரின் சவுத் பார்வன் உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். பிறகு அவர் ஆண்டின் கனவு அணியில் பலமுறை இடம்பிடித்தார். 2022-ல் கோப்பையும் வென்றார்.

தீர்ப்பு சொல்லும் காலத்தையும் பார்க்க வேண்டும். 2003-ல் ஜீலாங் 12-வது இடம். 2006-லும் 10-வது இடம்தான். அந்த செப்டம்பரில் கேட்டிருந்தால் 1999, 2001 இரண்டுமே வீண் என்று ஊரே சொல்லியிருக்கும்; பயிற்சியாளரை அனுப்பிவிடலாமா என்றுதான் பேச்சு ஓடியது. அடுத்த செப்டம்பரில் கோப்பை.

அந்த 2006-ன் நவம்பரிலேயே ஜீலாங் 7-வது தேர்வாக ஜோயல் செல்வுட்டை எடுத்தது. முழங்கால் காயத்தால் அந்த ஆண்டில் பெரும்பகுதி ஆடாமல் இருந்த பையன். காலைப் பற்றிய கவலை இல்லாமலிருந்தால் அவர் ஏழாவது இடம்வரை மிஞ்சியிருக்க மாட்டார் என்பது இங்கே பொதுவாகப் பேசப்படுவது. மறு ஆண்டே கோப்பை அணியில் ஆடினார். 355 ஆட்டம், நான்கு கோப்பை, பதினோரு பருவம் அணித்தலைவர். ஒற்றை ஆளை வைத்து ஒரு டிராஃப்டை மதிப்பிடலாம் என்றால், 1999-ஐ நானே கைவிட வேண்டியிருக்கும்.