குறி தப்புவது கையாலா, ஸ்டிக்காலா?

ஷூட்டர் கேமில் 30 மீட்டர் தள்ளி ஒரு எனிமி நிற்கிறான் என்று வையுங்கள். தோள் அகலம் அரை மீட்டர். ஸ்கோப் போடாமல் பார்த்தால் அவன் அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறக்குறைய 1 டிகிரிதான். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் கேமரா நொடிக்கு 200 டிகிரி சுழலும்படி செட்டிங் இருக்கிறது. கட்டைவிரலை விடுவதில் 20 மில்லி செகண்ட் தாமதம், அதாவது ஒரு நொடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் குறி 4 டிகிரி தாண்டிவிடும். நான்கு ஆள் அகலம்! திரும்ப இழுத்தால் அந்தப் பக்கம் தாண்டும். 'எய்ம் வழுக்குது' என்று ஆடுபவர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் கையின் குற்றம் கொஞ்சம்தான். எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே ஸ்டிக்கால் சொல்ல முடியும். எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் நேரக் கணக்கில் பிடிக்க வேண்டும். கைரோ என்பது கன்ட்ரோலர் திரும்புவதை உணரும் சில்லு; அதில் கை திரும்பிய அளவுக்குக் குறி திரும்பும். 3 மடங்கு என்று வைத்திருந்தால், மணிக்கட்டு 2 டிகிரி திரும்பும்போது குறி 6 டிகிரி நகரும். கை நின்றால் குறியும் நிற்கும். மவுஸின் குணம் இது. எண்ணிக்கையிலும் வித்தியாசம் உண்டு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களான டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டிலும் ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. நடு 128. ஒரு பக்கத்துக்கு 127 படிகள். 10 சதவீதம் டெட்சோன் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) வைத்தால் அதிலும் 13 போய்விடும். கைரோவின் எண் 16 பிட், அதாவது 65,536 படிகள்.

அதற்காக ஸ்டிக்கை ஓரங்கட்டிவிட முடியாது. 3 மடங்கில் பின்னால் திரும்பிப் பார்க்க, மணிக்கட்டு 60 டிகிரி திரும்ப வேண்டும். ஒருமுறை முடியும், அரை மணி நேரம் ஆட முடியாது. ஆகவே 'ஸ்டிக்கா, கைரோவா' என்ற கேள்வியிலேயே பாதி தப்பு இருக்கிறது. பெரிய திருப்பத்தை ஸ்டிக் செய்யட்டும், கடைசி பத்து டிகிரியைக் கைரோ செய்யட்டும். 2015இல் நிண்டெண்டோவின் வீ யூவில் வந்த ஸ்பிளாட்டூன் கேம் இந்த வேலைப் பங்கீட்டைத் தெளிவாகவே செய்தது: மோஷன் ஆனில் இருந்தால் வலது ஸ்டிக் இடவலம் மட்டும் திருப்பும், மேல் கீழ் முழுக்கக் கைரோவின் பொறுப்பு. இன்னொரு வழி ஃபிளிக் ஸ்டிக். ஸ்டிக்கை எந்தத் திசையில் தட்டுகிறீர்களோ அந்தத் திசைக்குக் கேமரா ஒரே வெட்டில் திரும்பும்; பிறகு ஸ்டிக்கை விளிம்போடு சுற்றினால் அதே அளவு சுற்றும். ஜிப் ஸ்மார்ட் என்ற நிரலாளர் உருவாக்கியது, இப்போது கணினியில் கேம் வாங்கி ஆடும் தளமான ஸ்டீமிலேயே இருக்கிறது. பழக இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே தொட வேண்டிய விஷயம் இல்லை.

பலர் கைரோவை ஒரு மாலை முயன்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஏறக்குறைய எப்போதும் காரணம் செட்டிங்தான்.

முதல் கோளாறு, பிடிக்கும் விதம். காபித் தட்டை ஏந்துவதுபோல் கன்ட்ரோலரைப் படுக்கையாகப் பிடித்து இடவலம் திருப்புகிறவர்கள் ஒரு ரகம். முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து இடவலம் திருப்புகிறவர்கள் இன்னொரு ரகம். கன்ட்ரோலருக்கு இவை இரண்டும் வெவ்வேறு அச்சுகள். ஒன்றுக்கு வைத்த செட்டிங்கில் மற்றவர் ஆடினால் குறி கோணல்மாணலாக ஓடும். ஸ்டீமில் 'பிளேயர் ஸ்பேஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. முடுக்கமானியிலிருந்து கீழ்த்திசை எது என்று தெரிந்துகொண்டு, எப்படிப் பிடித்தாலும் இடவலத்தை இடவலமாகவே எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு அதுதான் சரி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து ஆடுகிறவர்களுக்கு மட்டும் அது குழப்பும். அவர்கள் கன்ட்ரோலரின் சொந்த அச்சை மட்டும் பார்க்கும் 'லோக்கல் ஸ்பேஸ்' வைத்துக்கொள்ளலாம். முழங்கைகள் தொடையிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் கையில் எந்த சென்சிட்டிவிட்டியும் நிற்காது.

இரண்டாவது, சென்சிட்டிவிட்டி. புதிதாக வருகிறவர்கள் பயந்துகொண்டு 1 மடங்கில் வைக்கிறார்கள். கொஞ்சம் திரும்பவே கையை முறுக்க வேண்டியிருக்கும், 'இது கைக்குப் பயிற்சியா, கேமா' என்று சலித்துவிடும். கணக்கு எளிது. வலிக்காமல் மணிக்கட்டு ஒரு பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். 25 முதல் 30 டிகிரி என்று கொள்ளலாம். ஒரு பக்கம் 90 டிகிரி வரை கைரோவால் எட்ட வேண்டுமென்றால் 3 மடங்கு. ஸ்கோப் இல்லாதபோது 3 அல்லது 4, ஸ்கோப்பில் 1 முதல் 2. சோதிக்க, பயிற்சி மைதானத்தில் தூரத்து விளக்குக் கம்பத்தின் உச்சியில் குறியை வைத்து, இடமும் வலமுமாக நடந்துகொண்டே அதிலேயே நிறுத்திப் பாருங்கள். குறி நடுங்கினால் 0.5 குறையுங்கள் (3 என்றால் 2.5). பின்தங்கினால் கூட்டுங்கள். நடுக்கத்தை மறைக்க ஸ்மூத்திங்கை (அசைவைச் சராசரியாக்கி வழுவழுப்பாக்கும் செட்டிங்) ஏற்றுவது மோசமான பழக்கம், அது எல்லா அசைவிலும் தாமதத்தைச் சேர்க்கும். மெதுவான அசைவை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் தேர்வு இருந்தால் அதைச் சிறிதளவு வைக்கலாம்.

மூன்றாவது கோளாறுதான் அதிகம். கைரோவை நிறுத்தும் பொத்தானே வைக்காமல் ஆடுவது. மவுஸ் பேடின் விளிம்புக்கு வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கிறோமல்லவா? கைரோவுக்கும் அப்படி ஒரு 'தூக்கல்' வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் கைரோ தூங்க வேண்டும். அந்த நேரத்தில் கையை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு விட வேண்டும். பின்பக்கப் பொத்தான் இருந்தால் அதற்கே ஒதுக்கிவிடுங்கள். டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4 வைத்திருப்பவர்கள் டச்பேடைத் தொட்டால் நிற்கும்படி வைக்கலாம். இதுகூட வேண்டாமென்றால், எல்2 (இடது டிரிக்கர்) அழுத்தி ஸ்கோப் போடும்போது மட்டும் கைரோ விழிக்கும்படி வைப்பது எளிய ஆரம்பம். மூன்று நாள் அப்படி ஆடிவிட்டுப் பிறகு எப்போதும் ஆனுக்கு மாறலாம்.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டீமில் கைரோவை மவுஸாகவும் மாற்றலாம், ஜாய்ஸ்டிக்காகவும் மாற்றலாம். கேம் ஏற்றுக்கொண்டால் மவுஸ்தான். ஜாய்ஸ்டிக்காக மாற்றினால் கேமின் டெட்சோன் கைரோவையும் விழுங்கும். மெதுவாகத் திருப்பினால் குறி அசையவே அசையாது, வேகமாகத் திருப்பினால் கேமின் உச்ச வேகத்தில் முட்டி நிற்கும். கைரோ பயனில்லை என்று தீர்ப்பு சொல்பவர்களில் பலர் ஆடியது இந்த ஜாய்ஸ்டிக் கைரோவைத்தான். ஆனால் சில கேம்கள் மவுஸையும் கன்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்காது. திரையில் பொத்தான் படங்கள் கீபோர்டுக்கும் கன்ட்ரோலருக்கும் மாறி மாறித் துடிக்கும், நடப்பது தடைபடும். அங்கே இடது ஸ்டிக்கையும் மற்ற பொத்தான்களையும் கீபோர்டு, மவுஸ் கட்டளைகளாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும். மவுஸாக வைத்த பிறகு 'டாட்ஸ் பெர் 360' எண்ணையும் (கேமில் ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் எத்தனை புள்ளி நகர வேண்டும் என்பது) அந்த கேமுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் 3 மடங்கு என்று நீங்கள் வைப்பது உண்மையில் 3 மடங்காக இருக்காது.

கைரோவும் சும்மா இருக்கும்போது நகரும். அந்தச் சில்லுக்குள் இடைவிடாமல் அதிரும் நுண்ணிய சிலிக்கான் எடை ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலர் திரும்பும்போது அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும், விலகலைச் சில்லு அளக்கும். வெப்பம் மாறினால் அதன் பூஜ்யமும் மாறும். கையில் எடுத்துக் கால்மணி நேரத்தில் கன்ட்ரோலர் சூடாகி, நொடிக்கு அரை டிகிரி பிழை வந்தது என்று வையுங்கள். 3 மடங்கில் பத்து நொடிக்குள் குறி 15 டிகிரி நகர்ந்திருக்கும். மருந்து சுலபம்: ஆட்டம் சூடுபிடித்த பிறகு ஒருமுறை கன்ட்ரோலரை மேசையில் அசையாமல் வைத்து கேலிபிரேட் செய்யுங்கள், அதாவது பூஜ்யத்தை மறுபடி பதியச் சொல்லுங்கள். மடியில் வேண்டாம், மெத்தையில் வேண்டாம். நிண்டெண்டோ ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் இதற்கென்று தனி மெனு இருக்கிறது, ஸ்டீமிலும் உண்டு. வைப்ரேஷனையும் குறைத்துவிடுங்கள். துப்பாக்கி சுடும்போது உள்ளே உருளும் மோட்டார் கைரோவையும் சேர்த்தே உலுக்குகிறது.

இனி ஸ்டிக். குறி தானாக ஊர்ந்தால் (டிரிஃப்ட்) எல்லோரும் செய்வது டெட்சோனை ஏற்றுவது. 5 போதாமல் 10, பிறகு 15, பிறகு 20. டிரிஃப்ட் மறையும், அதோடு நுண்ணிய அசைவும் மறையும். கடைசியில் 'எனக்கு எய்மே வரலை' என்று கையை நொந்துகொள்வார்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் கரிப்பூச்சுத் தடம் கொண்ட பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும்; ஸ்டிக்கின் நிலையை அளப்பது அதுதான். உலோக நாக்கு அந்தத் தடத்தை உரசிக்கொண்டே இருக்கும். ஷூட்டரில் கட்டைவிரல் நடுவைச் சுற்றியே ஆடுவதால் தடம் முதலில் தேய்வதும் நடுவில்தான்.

சோதனைக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம். பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து கன்ட்ரோலரை இணையுங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளிச் சட்டென்று விடுங்கள், எண்ணைப் பாருங்கள் (இங்கே நடு 0, விளிம்பு 1). கீழ், இடம், வலம் என்று ஒவ்வொரு திசையிலும் பத்து முறை. 0.05க்குள் திரும்பி நின்றால் ஆரோக்கியம். ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒவ்வொரு எண்ணில் நின்றால் நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கையே படாதபோது எண் துள்ளினால் தடத்தில் தூசு, அல்லது தடமே தேய்வு. 0.10ஐத் தாண்டிவிட்டால் டெட்சோனால் ஒப்பேற்றுவதை நிறுத்துங்கள்.

தூசு என்றால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேட்கும். கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கின் அடியில் இரண்டு சொட்டு விட்டு, முப்பது சுற்று சுற்றி, அரை மணி நேரம் உலர விட வேண்டும். தடம் தேய்ந்திருந்தால் இது சில நாள் சமாதானம், அவ்வளவுதான். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு அற்புதமாக வேலை செய்யும். எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துவைத்துப் பின்னால் பழிவாங்கும்.

மாற்றுவதென்றால் டூயல்சென்ஸில் ஒரு ஸ்டிக்குக்கு 14 ஈயப் பற்று. பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று மூன்றாக ஆறு, அழுத்தும் பொத்தானுக்கு நான்கு, சட்டத்தின் கால்கள் நான்கு. தரையிணைப்புக் கால்கள் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் லேசில் உருகாது. பொறுமையிழந்து இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்பு வளையமே கழன்று வந்துவிடும். குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தை முதலில் கலந்துவிட்டு உறிஞ்சுவதுதான் பத்திரம். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் வகை ஸ்டிக்குகளில் சென்சார் காந்தப்புலத்தை உரசாமல் அளப்பதால் தடத் தேய்வு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஸ்பிரிங் தளரத்தான் செய்யும். புதியது போட்ட பிறகு நடுவையும் விளிம்பையும் கேலிபிரேட் செய்ய வேண்டும். இதற்குப் பிரவுசர் வழிக் கருவிகள் இருக்கின்றன. முதலில் தற்காலிகமாக எழுதி ஒரு நாள் ஆடிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக எழுதுங்கள். பலரும் அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, புது ஸ்டிக்கே கெட்டது என்று திரும்ப வருகிறார்கள்.

கைரோ எல்லோருக்கும் ஏற்றதில்லை. எய்ம் அசிஸ்ட் (குறியை எனிமி பக்கம் கேமே இழுத்துத் தருவது) பலமாக இருக்கும் கேமில், கிட்டத்துச் சண்டையில் ஸ்டிக்குக்கு இருக்கும் பிடிமானம் கைரோவுக்குக் கிடைக்காது. சில கேம்கள் கைரோ ஆனில் இருந்தாலே அசிஸ்டைக் குறைத்துவிடும். கை நடுக்கம் உள்ளவர்களும் ஸ்டிக்கோடு இருப்பதே நிம்மதி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் கன்ட்ரோலர்களில் கைரோவே கிடையாது. வேறு கம்பெனிப் பெட்டியில் 'சிக்ஸ் ஆக்சிஸ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி, கணினியில் எக்ஸ்இன்புட் மோடில் (விண்டோஸ் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோடு பேசும் முறை) செருகிவிட்டுக் கைரோ செத்துவிட்டது என்கிறார்கள். எக்ஸ்இன்புட் முறையில் ஸ்டிக், டிரிக்கர், பொத்தான் இவற்றுக்குத்தான் இடம். கைரோவின் எண்ணை ஏற்றி அனுப்ப அதில் பெட்டியே இல்லை. அதே கன்ட்ரோலரை ஸ்விட்ச் மோடுக்கு மாற்றி இணைத்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

ஃபோனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்) ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் பாதி தெரிந்த பாடம். 'ஸ்கோப் ஆன்', 'ஆல்வேஸ் ஆன்' என்று அவர்கள் கைரோவில்தான் ரீகாயிலை (சுடும்போது துப்பாக்கி உதைத்து மேலேறுவது) அடக்குகிறார்கள். அவர்கள் கன்ட்ரோலருக்கு வந்தால், ஃபோனை நிமிர்த்திப் பிடித்துப் பழகிய கை கன்ட்ரோலரையும் நிமிர்த்திப் பிடிக்கப் பார்க்கும். மேலே சொன்ன பிளேயர் ஸ்பேஸ் அவர்களுக்குத்தான் அதிகம் உதவும். பேருந்தில் போகும்போது மட்டும் கைரோவை அணைத்துவிடுங்கள். உங்கள் மணிக்கட்டு திரும்பியதா, வண்டி திரும்பியதா என்று அந்தச் சில்லுக்குத் தெரியாது. ஏற்காட்டு மலைப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தால், எனிமியை விட்டுவிட்டுக் குறி ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வரும்.