குதிரை: கிட்டாரின் ‘பிரிட்ஜ்’

கிட்டாரின் உடற்பகுதியில் கம்பிகள் எதன்மேல் ஏறி நிற்கின்றனவோ அதுதான் பிரிட்ஜ். தமிழில் எழுதும்போது பலர் இதைப் ‘பாலம்’ என்கிறார்கள். வேண்டாம். தஞ்சாவூரில் பலாமரம் குடைந்து வீணை செய்கிறவர்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது: குதிரை. வயலினுக்கும் தம்புராவுக்கும் அதே பெயர்தான்.

‘குதி’ என்னும் வினையிலிருந்து குதிரை வந்ததாகச் சொல்வது வழக்கம். சுமக்கிற விலங்கின் பெயர், கம்பியின் அழுத்தத்தைச் சுமக்கிற உறுப்புக்கும் பொருந்திவிட்டது. பிரெஞ்சிலும் இது ‘செவலே’, அதாவது சின்னக் குதிரை. மின்கிட்டாரில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் உலோகத் துண்டை ஆங்கிலத்தில் சாடில் என்பார்கள். நேரான தமிழ் சேணம். பாலத்துக்கு ஏது சேணம்?

பெயர் ஒன்றானாலும் வேலை ஒன்றல்ல. வீணைக் குதிரையின் மேல்தகடு லேசாக வளைந்திருக்கும். அதிரும் கம்பி அந்த வளைவை உரசி உரசி விலகுவதால்தான் அந்த நாதம். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலை நகர்த்தித் தேடுவதும் இந்த உரசலைத்தான். கிட்டார் சேணத்தில் இது பழுது. அங்கே கம்பி ஒரே புள்ளியில் சேணத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சேணத்தில் கம்பி பதியும் பள்ளத்தின் உயரமான இடம் கழுத்துப் பக்க விளிம்பில் இருந்து, பின்புறம் சரிய வேண்டும். பள்ளம் தேய்ந்து அகன்றால் கம்பி பக்கவாட்டில் ஆடி ‘ஜிர்ர்’ என்று இரையும்.

உலோகத்துக்கும் பங்கு உண்டு. குதிரை கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் அதிர்வு கம்பியிலேயே தங்கி, சுரம் நீள்கிறது; தளர்ந்திருந்தால் அதிர்வை அது தின்றுவிடும். 1954இல் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் மின்கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (சுருக்கமாக ஸ்ட்ராட்) ஆடும் குதிரைக்கு அடியில் கனமான எஃகுக் கட்டி தொங்குவது இதற்காகத்தான். மலிவுக் கிட்டார்களில் அந்த இடத்தில் மெல்லிய துத்தநாகக் கலவைக் கட்டி இருக்கும். எஃகுச் சேணத்துக்குப் பதில் பித்தளை போட்டால் கூர்மை சற்றுத் தணியலாம், அவ்வளவுதான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் செய்யும் மாற்றத்தின் முன் அது சிறிது.

ஆகவே காசு செலவழிக்குமுன் தளர்ச்சியைப் பாருங்கள். ஸ்ட்ராட் வகையில் சேணத்துக்கு இரண்டு உயரத் திருகுகள். ஒன்று அடித்தகட்டைத் தொடாமல் நின்றால் சேணம் நொண்டும், சுரம் சீக்கிரம் செத்துவிடும். கம்பியைத் தட்டி, சேணத்தை விரலால் அழுத்துங்கள். இரைச்சல் நின்றால் பழுது அங்கேதான். பல மலிவுக் கிட்டார்களில் இந்தத் திருகுகளுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) பொருந்தும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையோரம் வாசிப்பவர்களுக்கு உப்புக்காற்றால் இந்தத் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். இறுகியதை முறுக்கினால் தலை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டுத் திருப்புங்கள்.

சுருதிக்கும் குதிரையே பொறுப்பு. கழுத்தில் 12வது மெட்டுக்கு (ஃப்ரெட்) நேரே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே மெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் சேணத்தைப் பின்னே இழுக்கவும். இறங்கினால் கழுத்துப் பக்கம் தள்ளவும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கம்பியை மறுபடி சுருதி சேர்த்துவிட்டே ஒப்பிட வேண்டும்.