அம்மாவுக்கு இன்னும் பரீட்சை முடியலையா?

பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையம் ஒன்றில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். அங்கு வரும் பிஎச்.டி. ஆய்வு மாணவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். பள்ளி ஆசிரியை, கௌரவ விரிவுரையாளர், வங்கி வேலையோடு பகுதி நேரமாகப் பதிந்திருப்பவர் என்று பல தரம். வருவதென்னவோ தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றுதான். பேச்சு கொஞ்சம் நீண்டால் பிள்ளையில் வந்து நிற்கும். "லேப்டாப்பைத் திறந்தாலே அழுவுறான் மேடம்." "எங்கம்மா ஃபெயில் ஆயிட்டாங்கன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்கா." (இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சிறுமி சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். வீட்டில் அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: "அம்மாவுக்குப் பரீட்சை, தொந்தரவு பண்ணாதே." அவளுக்குத் தெரிந்த பரீட்சை பத்து நாளில் முடியும், பிறகு லீவு, பிறகு மார்க். அம்மாவின் பரீட்சையோ அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கி, மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ் ஆகாதவர்கள்தானே திரும்பத் திரும்ப எழுதுவார்கள்?

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இந்தப் 'பரீட்சை' உண்டு. அந்த நேரத்துக்கு வசதியான பொய். பிள்ளை உடனே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும், நமக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும். அடுத்த மாதமும் அதையே சொல்லும்போதுதான் சிக்கல். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் நடப்பதற்கெல்லாம் தங்களையே காரணமாக நினைப்பது இயல்பு. வளர்ச்சி உளவியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்து பேசப்படுவதுதான். அம்மா வெளியே வராததற்குக் காரணம் தெரியாவிட்டால் குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது "நான் சேட்டை பண்றேன்ல, அதான்" என்று இருக்கும்.

பெரியவர்களுக்கே பிஎச்.டி.யின் நீளம் சரியாகத் தெரிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தரலாம். எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவர் 6 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்திருக்கும். பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை தர அதே விதிமுறை வழி செய்கிறது. இது தெரியாமலே முடித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். (அப்பாக்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று விதி எழுதியவர்களும் முடிவு செய்துவிட்டார்கள் போல.)

இந்த நீளத்தை நாலு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம். "மூணு வருஷம்" என்பது அந்த வயதில் வெறும் சத்தம். இன்று எங்கே போகிறாய், யார் சோறு ஊட்டுவார்கள், எப்போது வருவாய் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். நாளையும் இன்று மாதிரியே நடந்தால் இன்னும் நல்லது. "பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் திறந்துடுவேன்" என்று சொன்னால் திறந்தே ஆக வேண்டும், எழுதிய வாக்கியம் பாதியில் நின்றாலும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்த வீடுகளில் லேப்டாப்பைப் பார்த்து அழுவது குறைந்திருக்கிறது. ஆறேழு வயதானால் பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் என்று எண்ணச் சொல்லலாம். ஆனால் "இந்தப் பொங்கலோட முடிஞ்சிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் தேர்வாளர்களின் அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும்.

"டாக்டர் ஆனா ஊசி போடுவியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "போட மாட்டேன், இது வேற டாக்டர்" என்ற பதிலே போதும். குழந்தைகள் அதோடு விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்பது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

சொல்ல வேண்டியது பட்டத்தைப் பற்றி அல்ல, நீங்கள் தேடும் கேள்வியைப் பற்றி. பள்ளியில் பிள்ளை படிப்பதற்கெல்லாம் டீச்சருக்கு விடை தெரியும். விடை யாருக்குமே தெரியாத கேள்வியும் உலகத்தில் இருக்கிறது, அதைத்தான் அம்மா தேடுகிறாள் என்றதும் குழந்தை நிமிர்ந்து உட்காரும். "டீச்சருக்கும் தெரியாதா? கூகுளுக்கும்?" ஆமாம், கூகுளுக்கும்தான்.

ஆய்வு மாணவர்களிடம் இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "என் டாபிக்கை எல்லாம் குழந்தைக்குச் சொல்ல முடியாது மேடம்." சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரிப்பவர் அப்படிச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு டம்ளர் நீரில் சொட்டு நீலம் விட்டு, இதை எப்படித் திரும்ப வெளியே எடுப்பாய் என்று பிள்ளையிடம் கேட்டால் அன்றைய சாயங்காலமே போய்விடும். ஒரே நூலின் ஓலைச்சுவடிகளில் எழுத்து எங்கே மாறுகிறது என்று ஒப்பிடுபவருக்கும் வழி உண்டு. ஒரு வரியைச் சொல்லச் சொல்ல வீட்டில் நாலு பேர் தனித்தனியாக எழுதட்டும், யார் எங்கே எழுத்தை மாற்றினார்கள் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் சமூகவியல்காரர் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தெருவில் யார் வீட்டில் என்ன கோலம் என்று எழுதிவரச் சொல்லலாம்.

கணிதக்காரர்கள்தான் கடைசிவரை மறுப்பார்கள். அவர்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டு மாவட்ட வரைபடம் ஒன்றை அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். 38 மாவட்டங்களுக்கும் வண்ணம் தீட்ட வேண்டும், எல்லை ஒட்டிய இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வரக் கூடாது. எத்தனை வண்ணப் பென்சில் தேவை? பிள்ளை ஆறு எடுக்கும், ஏழு எடுக்கும். குறைத்துக்கொண்டே வரச் சொன்னால் நாலில் வந்து நிற்கும். எந்த வரைபடத்துக்கும் நாலு போதுமா என்ற கேள்வி 1852இல் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது எழுந்தது. போதும் என்று நிறுவியவர்கள் கென்னத் ஆப்பெல், வுல்ஃப்காங் ஹாக்கன். ஆண்டு 1976, அதுவும் கணினியின் துணையோடு. இடையில் 124 ஆண்டுகள். எட்டு வயதுப் பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு தொட்டுவிடுகிற கேள்விக்குப் பெரியவர்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள். "நீ ஏன் இன்னும் முடிக்கலை?" என்ற கேள்வி அதன்பின் வருவது அபூர்வம்.

இந்த வேலையில் பெற்றவருக்கும் ஒரு லாபம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் போய் நிற்கும்போது (எங்கள் பக்கம் டி.சி., அதாவது டாக்டரல் கமிட்டி மீட்டிங் என்பார்கள்) முதலில் கேட்கப்படுவது, "உங்க ரிசர்ச் கொஸ்டின் என்ன?" என்பதுதான். பிள்ளையிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகியவர்கள் அங்கே திணறுவதில்லை. சொல்லவே வரவில்லை என்றால் பிரச்சினை பிள்ளையின் வயதில் இல்லை.

மேரி க்யூரியைப் பெண் விஞ்ஞானி என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அவர் முனைவர் ஆய்வைத் தொடங்கியபோது கையில் பச்சைக்குழந்தை இருந்ததைச் சொல்வதில்லை. மூத்த மகள் ஐரீன் பிறந்தது 1897 செப்டம்பரில். ஆய்வு தொடங்கியது அதே ஆண்டின் இறுதியில். ஆய்வேட்டை அவர் அவையில் நின்று நிறுவியது 1903 ஜூனில், ஐரீனுக்கு ஆறு வயது நெருங்கும்போது. அதுவரை பிள்ளையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர் கணவர் பியரின் அப்பா, அதாவது தாத்தா. நம் வீடுகளிலும் பாதி ஆய்வேடுகள் பாட்டி தாத்தாவின் முழங்காலில்தான் நிற்கின்றன. ஐரீனும் பின்னாளில் முனைவர் பட்டமும் நோபலும் பெற்றார் என்பதை வைத்து உங்கள் பிள்ளைக்கு இப்போதே பட்டமளிப்பு கவுன் தைத்துவிட வேண்டாம்.

ஆனால் அதே பாட்டி தாத்தா வாயிலிருந்துதான் "ஒழுங்கா படி, இல்லேன்னா உங்கம்மா மாதிரி நாப்பது வயசுல புத்தகத்தைத் தூக்கிட்டு அலையணும்" என்பதும் வரும். விளையாட்டாகச் சொல்வதுதான், பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. கூட்டுக்குடும்பத்தில் பிஎச்.டி. செய்யும் சித்தியோ அத்தையோ கல்யாணம் ஆகாதவராக இருந்தால் இன்னும் மோசம். "படிச்சுப் படிச்சே வயசாயிடுச்சு" என்பது பிள்ளைகளின் காதில் விழுந்து, ஒருநாள் அப்படியே அவர்கள் வாயிலிருந்து சித்தியிடம் போகும். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. மாமியாரிடமோ அண்ணனிடமோ பிள்ளை இல்லாத நேரத்தில் நேராகப் பேசுங்கள். பேச முடியாத வீடானால், அந்த வேலையைக் கணவர் செய்யட்டும்.

இன்னொரு வழக்கம், நெறியாளரைப் பூச்சாண்டி ஆக்குவது. "கைடு கூப்பிட்டார், போயே ஆகணும்" என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதைத் தொடர்ந்து பார்க்கும் குழந்தை, அம்மாவைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கெட்ட ஆள் இருப்பதாக முடிவு செய்துவிடும். நெறியாளர் உண்மையிலேயே கடுமையானவராக இருக்கலாம், அது எங்கள் மையத்தில் பேச வேண்டியது. பிள்ளையிடம் "இன்னிக்கு எனக்கு அங்கே வேலை இருக்கு, மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றால் போதும். அதேபோல "எல்லாம் உனக்காகத்தான்" என்பதையும் விடுங்கள். பிள்ளை உங்களை பிஎச்.டி. செய்யச் சொல்லவில்லை. பதவி உயர்வுக்காகச் செய்யலாம், ஆசைக்காகச் செய்யலாம், அதையே சொல்லலாம். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அம்மா சொல்லிக் கேட்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

வைவாவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவதா என்று பலர் கேட்பார்கள். பொது வாய்மொழித் தேர்வு யாரும் வந்து உட்காரக்கூடியது. நம் ஊரில் அது அரைக் கல்யாணம். பட்டுப்புடவை, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பொன்னாடை, கடைசியில் இனிப்பு, மிக்சர், காப்பி. ஆனால் நடுவில் ஒரு மணி நேரம் தெரியாத ஒருவர் அம்மாவைக் கேள்வி கேட்பார், அம்மா சில இடங்களில் தயங்குவாள், அவர் குரலை உயர்த்தவும் செய்யலாம். முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிவரப்பட்ட குழந்தை அங்கே அழுதால் ஆச்சரியமில்லை, அதன் கண்ணில் அம்மா திட்டு வாங்குகிறாள். முதல்நாளே வீட்டில் ஒரு ஒத்திகை நடத்துங்கள். பிள்ளை தேர்வாளராக நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், நீங்கள் நின்று பதில் சொல்லுங்கள். "தெரியலை, யோசிச்சுச் சொல்றேன்" என்று வேண்டுமென்றே ஒன்றிரண்டு இடத்தில் சொல்லுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் காப்பி நேரத்துக்கு மட்டும் வரச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

தூக்கத்தில் படுக்கையை நனைப்பது நின்றிருந்த பிள்ளை மறுபடி நனைத்தாலோ, பள்ளிக்குப் போக மறுப்பதும் வயிற்றுவலி என்பதும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிஎச்.டி.தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அவரே மனநல ஆலோசகரிடம் அனுப்புவார். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த ஒரு அப்பா நினைவுக்கு வருகிறார். பிச்சாவரம் பக்கத்துச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு ஆண் நண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். சில நண்டுக்கு அந்தக் கொடுக்கு இடப்பக்கம் இருக்கும், சிலதுக்கு வலப்பக்கம். மகனை ஒருமுறை படகில் கூட்டிப்போய்க் காட்டியும் இருக்கிறார். பணமும் உடம்பும் ஒத்துழைக்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று. மகன் தன்னைத் தோற்றவனாக நினைப்பான் என்று பயம். யார்மீதும் பழி போடாமல், "அப்பாவால முடியலை, யோசிச்சுதான் நிறுத்தினேன், இதுவரை பண்ணது வீணில்லை" என்று சொல்லச் சொன்னேன். சொல்லியிருக்கிறார். பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ நண்டை யார் எண்ணுவாங்க?" அதே ஆய்வகத்தில் வேறொரு அக்கா எண்ணுகிறார் என்றதும், அவரிடம் போனில் பேச வேண்டும் என்று நம்பர் வாங்கிக்கொண்டானாம்.