என்சிஏஏ தகுதி: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கும் சிக்கல்

இங்கே அமெரிக்காவில் எங்கள் பக்கத்துப் பையன், கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவன். பார்க்காமலே பாஸ் போடுவான். கல்லூரி கோச் ஒருவர் இரண்டு தடவை வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் முதல் ஆண்டு அவனால் ஆட முடியாது என்பது பன்னிரண்டாம் வகுப்பில் பாதி போன பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாவதில் கோட்டைவிட்ட அல்ஜீப்ராதான் காரணம்.

"அதைத்தான் திரும்பப் படித்துப் பாஸ் பண்ணிவிட்டானே" என்றார் அவன் அம்மா. பண்ணினான்தான். பள்ளி அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து மூன்று வாரத்தில் அந்தப் பாடத்தை முடிக்க வைத்தது. பள்ளிப் பட்டத்துக்கு அது செல்லும். ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஒப்புக்கொண்ட பட்டியலில் அந்தக் கோர்ஸ் இல்லை. இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

விதி சின்னதுதான். என்சிஏஏவின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஆட, அது ஏற்ற 16 முக்கியப் பாடங்களும் (கோர் கோர்ஸ்), அவற்றில் 4-க்கு 2.3 சராசரி கிரேடும் (ஜி.பி.ஏ.) வேண்டும். கல்லூரி நுழைவுத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் நிபந்தனையை 2023-லேயே எடுத்துவிட்டார்கள்.

மாட்டுகிற இடம் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே அந்த 16-ல் 10 முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பத்தின் கிரேடைத் திரும்பப் படித்து உயர்த்தினாலும் கணக்கில் வராது. பத்துக்குப் பதில் ஒன்பது கோர்ஸே முடித்திருந்தால் 'அகாடெமிக் ரெட்ஷர்ட்': ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம், முதல் பருவம் பயிற்சி செய்யலாம், முதல் ஆண்டு ஆட்டம் கிடையாது. ஆடாத பையனுக்காக எந்தக் கோச் இடம் வைத்துக் காத்திருப்பார்? கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்த வழக்கில் 2025-ல் வந்த நீதிமன்றத் தீர்வை ஏற்ற கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 பேர்தான். எங்கள் பையனுக்கு இருந்த இடம், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவனுக்குப் போயிற்று.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைக் கேட்டால் "பட்டம் வாங்கிவிடுவான், கவலைப்படாதீர்கள்" என்பார். அவர் சொல்வது பள்ளிக் கணக்கு, நமக்கு வேண்டியது என்சிஏஏ கணக்கு. கோச்சைக் கேட்டால் கவுன்சிலரிடம் அனுப்புவார். யார் ஆடலாம் என்று முடிவு செய்யும் என்சிஏஏ தகுதி மையத்துக்கு போன் போட்டால் பள்ளியைக் கேளுங்கள் என்பார்கள். இந்தச் சுற்றில் ஒரு செமஸ்டர் போய்விடும். ஆகவே ஒன்பதாவதிலேயே தகுதி மையத்தின் இணையதளத்தில் உங்கள் பள்ளியின் பெயரைப் போட்டுப் பட்டியலை எடுங்கள். எடுக்கப்போகும் ஒவ்வொரு கோர்ஸின் தலைப்பையும் அதனுடன் ஒப்பிடுங்கள். தலைப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் அப்போதே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: என்சிஏஏ கணக்கில் பி பிளஸ்ஸும் பி மைனஸும் ஒரே பி.

தகுதி மையத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. அது வெறும் விவரப் பக்கம். டிவிஷன் ஒன்று, இரண்டுக்குக் கட்டணக் கணக்கு வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துக்குக் கட்டண விலக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான். அப்புறம், ஏதாவது ஒரு கல்லூரி அவன் பெயரைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காதவரை இறுதி முடிவு வராது. "எங்களுக்கு நீ வேண்டும்" என்கிற கோச்சிடம், "பட்டியலில் போட்டீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரியைப் பார்க்க வேண்டியதுதான்.

கல்லூரிகளின் பயிற்சி முகாம் அழைப்பும், வீரரின் விவரம் கேட்கும் படிவமும் யாருக்கும் எப்போதும் வரும். அதைப் பார்த்து முகாமுக்குப் பணம் கட்டி ஏமாறாதீர்கள். ஆண்கள் கூடைப்பந்தில் கோச் நேரடியாக போன் செய்யவும் மெசேஜ் அனுப்பவும் தொடங்கக்கூடியது பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல். அதன் பிறகும் வாய்வழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரியில் சேருவேன் என்று வீரர் கையெழுத்திட்ட பழைய 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' 2024-லேயே போய்விட்டது. இப்போது கையில் இருக்க வேண்டியது, கல்லூரி கையெழுத்திட்ட உதவித்தொகை ஒப்பந்தம்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது; விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால், அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்பது நினைவிருக்கட்டும். "எல்லாரும் வாங்குகிறார்களே" என்று கோச் சொல்வார். கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.