பழைய பைக்குக்கு அகலமான பின் டயர்: சட்டம் எதுவரை விடும்?

ஆர்.எக்ஸ். 100, ஸ்பிளெண்டர், பழைய புல்லட் என்று எதை வைத்திருந்தாலும், பின்னால் கொஞ்சம் தடிமனான டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்குமே என்ற ஆசை ஒரு நாள் வந்துவிடும். டயர் கடையில் கேட்டால், "ஒரு சைஸ் பெருசு போடலாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். பக்கத்தில் நிற்பவர், "டயரை மாத்தினாலே அஞ்சாயிரம் ஃபைன்" என்று பயமுறுத்துவார். ரெண்டு பேரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சைஸ் வரை தாராளமாகப் போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. டயர் மாற்றினாலே குற்றம் என்றும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இந்தக் கறார் 2000-ல் வந்த திருத்தம். அதற்கு முன்பு, பதிவு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கி மாற்றங்கள் செய்ய இப்போதை விட இடம் இருந்தது. 'மாற்றம்' என்றால் என்ன என்பதையும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது: வண்டியின் அடிப்படை அம்சமே மாறிப்போகும்படி அதன் கட்டமைப்பில் கை வைப்பது.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்ற முடியாது, மாநில அரசின் விதி வேறு மாதிரி இருந்தாலும் 52-வது பிரிவே மேலானது என்பது தீர்ப்பின் சாரம். "இனிமேல் பைக்கில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாதாம்" என்ற பேச்சு பரவியது அதற்குப் பிறகுதான். தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை.

உங்கள் பைக்கின் ஆர்.சி. அட்டையை எடுத்துப் பாருங்கள். சேஸிஸ் எண், என்ஜின் எண், சி.சி., நிறம், காலி எடை, இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். டயர் அளவு இருக்காது. லாரி, பஸ் போன்ற வாடகை வண்டிகளுக்குத்தான் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் டயர் அளவைப் பதிவில் எழுதுகிறார்கள். அப்படியானால் பைக்கில் எந்த டயரையும் மாட்டலாமா? முடியாது. உங்கள் மாடல் சந்தைக்கு வரும் முன்பே, எந்த ரிம்மில் எந்த டயர் என்பது உட்பட அதன் விவரக்குறிப்புக்கு நிறுவனம் ஒப்புதல் வாங்கியிருக்கும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்கள் செய்யும் வேலை அது. ஆர்.சி.யில் அச்சாகாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த விவரக்குறிப்பு இருக்கிறது. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டிலும், பல மாடல்களில் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரிலும் டயர் அளவைப் பார்க்கலாம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அதே ரிம், அதே ஸ்விங் ஆர்ம், 2.75 அங்குல அகல டயருக்குப் பதில் 3.00 டயர் என்றால், அதை 'கட்டமைப்பு மாற்றம்' என்று நிரூபிப்பது கடினம். உங்கள் மாடலின் இன்னொரு வேரியண்டுக்கு நிறுவனமே அந்த அளவைக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகிறது. வேறு பைக்கின் ஸ்விங் ஆர்மை வெல்டிங் செய்து மாட்டுவது, 18 அங்குல ஸ்போக் வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குல அகல அலாய் போடுவது, பின் ஃபிரேமை வெட்டி மட்கார்டைத் தூக்குவது எல்லாம் வேறு கதை. ஸ்விங் ஆர்ம் நீண்டால் வீல்பேஸே, அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரமே, மாறிவிடும். அது கட்டமைப்பு மாற்றம் இல்லை என்று எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது.

அபராதம் 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவில் வருகிறது. அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்விங் ஆர்ம் ஒன்று, சைலன்சர் ஒன்று என்று எண்ணிப் போட அதில் இடம் இருக்கிறது. இந்தப் பிரிவு 2019 திருத்தத்தில் சேர்ந்தது.

இனி டயருக்கு வருவோம். இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டி டயர் ஐ.எஸ். 15627 தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும். வெளிநாட்டு டயர், செகண்ட் ஹேண்ட் டயர் என்று மலிவாகக் கிடைத்தால் பக்கவாட்டில் அந்த முத்திரையைத் தேடுங்கள். நான்கு இலக்கத் தேதியும் இருக்கும்: 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. தேய்மானத்தைப் பற்றி மத்திய மோட்டார் வாகன விதி 94 பேசுகிறது. இருசக்கர வண்டிக்கு பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எவ்வளவு அகலமாக இருந்தாலும் மொட்டை டயர் மொட்டை டயர்தான்.

அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைக்காரர் சொல்லாத விஷயம் தெரியவரும். ஆர்.எக்ஸ். 100-க்கு கம்பெனி கொடுத்தது முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. அந்தப் பின் டயரின் மொத்த விட்டம் சுமார் 597 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 90/90-18 (அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 18 அங்குலம்) போட்டால் சுமார் 619. 100/90-18 போட்டால் சுமார் 637, அதாவது 6 சதவீதத்துக்கும் மேல் அதிகம். சக்கரம் பெரிதானால் கியர் விகிதம் நீண்டுவிடும். மேட்டில் இழுவை குறையும். பின் ஸ்பிராக்கெட்டில் பல் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமே என்று பலர் கவலைப்படுவார்கள். ஆர்.எக்ஸில் ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது, பின் டயரால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ரிம்தான் பெரிய சிக்கல். 2.75 டயருக்குக் குறுகலான 1.60 அங்குல ரிம்மே போதும். 100/90 டயர் அதைவிட நன்றாகவே அகலமான ரிம்மைக் கேட்கும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் இரு விளிம்பும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி மட்டும் கூம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பார்வைக்குத்தான் தடிமன், தரையில் பதியும் பரப்பு நீங்கள் நினைத்த அளவுக்குக் கூடாது, வளைவில் திருப்பும்போது வண்டி சட்டென்று விழும். செயினுக்கும் டயருக்கும் நடுவே, அப்புறம் பிரேக் ராடு பக்கம், எவ்வளவு இடம் இருக்கிறது என்று டயரில் காற்று நிரப்பிய பிறகு பாருங்கள். வேகத்தில் டயர் சற்று விரியும். பழைய வண்டியில் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்திருக்கும், அதனால் சக்கரம் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். வாஷரை வைத்து வீலை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் பண்ணித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது.

பெரும்பாலானோர் மறந்துவிடும் விதி 123. பின் இருக்கைக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், அவர் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் பைக்கில் கட்டாயம். நாம் சாரி கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். அகல டயர் போடும்போது முதலில் கழற்றி மூலையில் போடுவதும் அதைத்தான். டயர் அளவில் கூட வாதம் செய்யலாம், சாரி கார்டு இல்லாததற்கு என்ன வாதம் செய்வீர்கள்? சேலையோ துப்பட்டாவோ ஸ்போக்கில் சுற்றிய விபத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் அதைக் கழற்றவே மாட்டார்கள்.

இதெல்லாம் கணக்குக்கு வரும் நாள் ஒன்று இருக்கிறது: ஆர்.சி. புதுப்பிக்கும் நாள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊரில் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படுபவர், சேஸிஸ் எண்ணைப் பார்த்து, வண்டி ஓடும் தகுதியில் இருக்கிறதா என்று சோதிப்பார். தெருவில் யாரும் கேட்காத டயர் இங்கே கேள்விக்குள்ளாகலாம். அதனால் பழைய ரிம்மையும் சாரி கார்டையும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மோதல் நடந்து உங்கள் வண்டியின் சேதத்துக்கு கிளெய்ம் போட்டால், சர்வேயர் போட்டோ எடுத்து ஒரிஜினல் பாகங்களோடு ஒப்பிடுவார். சொல்லாமல் செய்த பெரிய மாற்றம் கிளெய்மைக் குறைக்கவோ நிராகரிக்கவோ காரணமாகலாம். பாலிசி புதுப்பிக்கும்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் தாத்தா காலத்து புல்லட்டோ ஜாவாவோ இருந்தால் டயர் கடைக்குப் போகும் முன் இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. கண்காட்சி, விண்டேஜ் ரேலி போன்றவற்றுக்கு மட்டும். வண்டி அதன் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய புல்லட்டுகளில் முன்னும் பின்னும் ஒரே 3.25-19 டயர்தான். அந்த மெலிந்த பின் சக்கரத்துக்குப் பதிலாக, மட்கார்டை வெட்டி, ஃபிரேமை விரித்து 130 மில்லிமீட்டர் அகல டயரை நுழைத்துவிட்டால் அந்தப் பதிவைக் கேட்கும் தகுதியே போய்விடும்.