கப்பலில் ஒரு ‘ப’, கம்பில் வேறு ‘ப’

‘அப்பா’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவே உதடுகள் ஒட்டியிருக்கும் அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. ‘ப்’ என்று காதில் விழுவது அந்த மௌனமும் அதன் இரு கரைகளும்தான்.

இப்படி அடைத்துத் திறக்கும் ஒலிதான் வெடிப்பொலி. அதற்கு வேண்டியது மூன்று வேலை: காற்றை வாயில் முழுக்க அடைப்பது, அழுத்தம் ஏறவிடுவது, சட்டெனத் திறப்பது. ப-வுக்கு உதடுகள் அடைக்கின்றன. த-வுக்கு நாக்கு நுனி மேற்பல்லில் ஒட்டுகிறது. ட-வுக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொடுகிறது, க-வுக்குப் பின்நாக்கு எழுகிறது. கூடவே மூக்குப் பாதையும் மூட வேண்டும். அண்ணத்தின் பின்பகுதியிலுள்ள மெல்லண்ணம் மேலெழுந்து அதை அடைக்கும். அது இறங்கியே இருந்தால் அதே உதட்டில் ‘ம’ வரும். ‘இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்று தொல்காப்பியம் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வைக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘அப்பா’ சொல்லிவிடலாம், ‘அம்மா’தான் சிக்கும்.

இனி கம்புக்கு வருவோம். கப்பலின் ‘ப’ ஆங்கில p போலவும் கம்பின் ‘ப’ b போலவும் ஒலிக்கின்றன; b-யில் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. அவை அதிர, அவற்றின் கீழே உள்ள காற்றழுத்தம் மேலே உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ‘கப்பல்’ சொல்லும்போது வாய் நெடுநேரம், ஏறக்குறைய 150 மில்லிநொடி, மூடிக்கிடக்கிறது. வாய்க்குள் அழுத்தம் ஏறி நுரையீரல் அழுத்தத்தை எட்டிவிடும்; அதிர்வு நின்றுபோகும். ‘கம்பு’வில் கதை வேறு. ம்-க்காக இறங்கிய மெல்லண்ணம் மேலே ஏறச் சற்றுத் தாமதமாகிறது, அதற்குள் காற்று மூக்கு வழியே கசிகிறது. வாயில் அழுத்தம் சேர்வதில்லை, அதிர்வும் நிற்பதில்லை. பந்து, நண்டு, சங்கு எல்லாவற்றிலும் இதேதான். இந்த b போன்ற ஒலிக்கு நாம் தனி எழுத்து வைக்காததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இடம் பார்த்தே ஒலி தெரியும்போது எழுத்து எதற்கு?

வாய் திறந்தபின் குரல்நாண் அதிர்வு தொடங்க எடுக்கும் நேரமும் முக்கியம். 1964-இல் லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற ஒலியியலாளர்கள் இருவரும் தமிழ் உட்பட 11 மொழிகளில் அதை அளந்தார்கள். தமிழில் சொல்முதல் ப-வுக்கு அது 10 மில்லிநொடியை ஒட்டி. ஆங்கிலத்தில் 60-ஐ நெருங்கும்; அந்த இடைவெளியில் மூச்சுக்காற்று வெளியேறும். வாய்க்கு முன் தாள்துண்டைப் பிடித்து இந்தியின் ‘ப்ஹல்’ (பழம்) சொன்னால் தாள் ஆடும், ‘பல்’லுக்கு அவ்வளவாக அசையாது.

அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்கு வாயில் அழுத்தம் நிற்காது. ‘பாப்பா’, ‘மாம்மா’ போலாகும். சிலர் தொண்டையிலேயே குரல்நாண்களை இறுக்கி வெடிக்கப் பழகிவிடுவார்கள். பிளவைத் தைத்த பிறகும் அந்தப் பழக்கம் தொடரலாம், வெடிப்பை உதட்டுக்குக் கொண்டுவரப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். மூக்கடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து ‘பாப்பா’ சொல்லச் சொல்லுங்கள். ஆவி படிந்தால் காற்று இன்னும் மூக்கு வழியே கசிகிறது.